விருதுப் பட்டியலில் அறிபுனையும் மிகுபுனைவும்: ஒரு வாசிப்பு ஆய்வு

விருதுகளும் அவற்றின் வழிமுறையும்

ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் விருதுகளில் ஹ்யூகோவும் நெபுலாவும் அதிகம் பேசப்படுபவை. ஹ்யூகோ விருது 1953-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில் முதன்முதலாக வழங்கப்பட்டது. 1926-இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. நெபுலாவை வழங்குவது அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம். சங்கம் தொடங்கிய 1965-ஆம் ஆண்டின் படைப்புகளுக்கே முதல் நெபுலா போனது; நாவல் பிரிவில் அதைப் பெற்றது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’. ஹ்யூகோவுக்கு ஓட்டுப் போடுபவர்கள் மாநாட்டு உறுப்பினர்கள், அதாவது பெரும்பாலும் வாசகர்கள். நெபுலாவுக்கு ஓட்டுப் போடுபவர்கள் எழுத்தாளர்கள். இவற்றுக்கு அடுத்து 1971 முதல் லோகஸ் விருது, 1975 முதல் உலக மிகுபுனைவு விருது, 1987 முதல் பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருது ஆகியவை உள்ளன. கடைசியாகச் சொன்னதில் ஓட்டு கிடையாது. நடுவர் குழு கூடி முடிவு செய்யும்.

கதைகளைச் சொற்கணக்கை வைத்துப் பிரிக்கிறார்கள். 7,500 சொற்களுக்குக் குறைந்தது சிறுகதை. 7,500 முதல் 17,500 வரை நெடுங்கதை. அதிலிருந்து 40,000 வரை குறுநாவல். அதற்கு மேல் நாவல். புதிதாக வாசிக்க வருபவருக்கு இந்தப் பிரிவு ஒரு வசதி: ஆறு சிறுகதைகள் கொண்ட ஒரு பட்டியலை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், ஆறு நாவல்களுக்கு அரை ஆண்டு வேண்டும்.

ஹ்யூகோவில் ஓர் உறுப்பினர் ஒரு பிரிவுக்கு 5 படைப்புகள் வரை முன்மொழியலாம். 2017 முதல் இறுதிப் பட்டியலில் 6 படைப்புகள் இடம்பெறுகின்றன. இறுதி வாக்கெடுப்பு ஒரே ஒரு கதைக்கு முத்திரை குத்தும் முறையல்ல. ஆறையும் தரவரிசைப்படுத்தலாம். எதுவுமே தேறாது என்று கருதினால் ‘யாருக்கும் இல்லை’ என்பதையும் அந்த வரிசையில் வைக்கலாம். இப்படிப்பட்ட தரவரிசை முறையில், பலருக்கு மிகவும் பிடித்த கதையைவிட யாருக்கும் பிடிக்காமல் போகாத கதை முந்திவிடுவது உண்டு. முரட்டுத்தனமும் துணிச்சலும் கொண்ட கதைகள் பட்டியல்வரை வந்து இரண்டாம், மூன்றாம் இடங்களில் நின்றுவிடுகின்றன. விருது பெற்ற கதையை மட்டும் தேடி வாசிப்பவருக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. எனவே ஓர் ஆண்டின் போக்கை அறிய விரும்புபவர் பரிசு பெற்ற ஒன்றைவிடப் பட்டியல் முழுவதையும் வாசிப்பதே சரியான வழி.

2020-ஆம் ஆண்டின் ஆறு கதைகள்

இதற்குச் சான்றாக 2020-ஆம் ஆண்டு ஹ்யூகோ சிறுகதைப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் வெளியான கதைகள் இவை. ஆறும் இணைய இதழ்களில் வந்தவை. ஆறையும் காசு கொடுக்காமல் வாசிக்க முடிந்தது. ஆறில் இரண்டு இந்தியர்கள் எழுதியவை.

பரிசு பெற்றது எஸ். எல். ஹுவாங் எழுதிய ‘ஆஸ் தி லாஸ்ட் ஐ மே நோ’. போரில் இருக்கும் ஒரு நாடு. அதனிடம் நகரங்களை அழிக்கும் ஆயுதம் இருக்கிறது. அதை ஏவுவதற்கான குறியீடு நைமா என்னும் பத்து வயதுச் சிறுமியின் நெஞ்சருகே புதைக்கப்பட்டிருக்கிறது. ஆயுதத்தை ஏவ வேண்டுமானால் நாட்டின் தலைவர் தன் கையாலேயே அவளைக் கொன்று அதை எடுக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்களைத் தொலைவிலிருந்து கொல்லத் துணிபவர், எதிரே நிற்கும் ஒரு குழந்தையைக் கொல்லத் துணிவாரா? 1980களின் தொடக்கத்தில் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷர் அணு ஆயுதம் பற்றி முன்வைத்த யோசனையிலிருந்து எழுந்தது இது. ஹுவாங் செய்தது, அந்த யோசனையில் தன்னார்வலராக இருந்தவரை ஒரு குழந்தையாக்கி, அவளுக்கு ஒரு பெயர் கொடுத்து, கவிதை எழுதவும் வைத்ததுதான். கதை தெளிவானது, சமநிலை தவறாதது. தரவரிசை ஓட்டில் இப்படிப்பட்ட கதை வெல்வதில் வியப்பில்லை.

ஷிவ் ராம்தாஸின் ‘அண்ட் நவ் ஹிஸ் லார்ட்ஷிப் இஸ் லாஃபிங்’ வேறு ரகம். இரண்டாம் உலகப் போர்க்கால வங்காளத்தில் பொம்மை செய்யும் கிழவி ஒருத்தி. அவளுடைய பொம்மைகளுக்கு உயிர் இருப்பதுபோல் பேச்சு. கவர்னரின் மனைவிக்கு ஒரு பொம்மை வேண்டும் என்று வெள்ளை அதிகாரி வந்து கேட்கிறான்; மறுத்துவிடுகிறாள். ஜப்பானியர் கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று படகுகளையும் நெல்லையும் அழித்த பிரிட்டிஷ் அரசின் கொள்கை ஊருக்குள் வருகிறது. அதன் பின்னால் பஞ்சம் வருகிறது. 1943-இல் வங்காளத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. கதை அந்த எண்ணைப் பேசுவதில்லை, கிழவியின் வீட்டை மட்டும் காட்டுகிறது. எல்லாம் போன பிறகு அவள் கவர்னருக்கு ஒரு பொம்மை செய்து தருகிறாள். அந்தப் பொம்மை சிரிக்கும்; கேட்பவர்களும் சிரிப்பார்கள்; நிறுத்த முடியாமல் சிரிப்பார்கள். பழிவாங்கும் கதை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் வரலாற்றில் கிடைக்காத தண்டனையைக் கற்பனையில் வழங்குவது மிகுபுனைவு தொன்றுதொட்டுச் செய்துவரும் வேலை. நாட்டார் கதைப்பாடல்களில் கொலையுண்டவர்கள் தெய்வமாகித் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதும் இதே தேவையிலிருந்துதான்.

நிபேதிதா சென் எழுதியது தலைப்பிலேயே வடிவத்தைச் சொல்லிவிடுகிறது: ரத்னபார் தீவின் நரமாமிசம் உண்ணும் பெண்களைப் பற்றிய நூற்பட்டியலிலிருந்து பத்துப் பகுதிகள். கதை என்று தனியாக எதுவும் இல்லை. கற்பனையான பத்து நூல்கள், கட்டுரைகள், அவற்றின் சில வரிகள், குறிப்புகள். பிரிட்டிஷார் தீவில் கால் வைத்தது, அங்கிருந்து சிறுமிகள் இங்கிலாந்துப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டது, அங்கே நடந்தது ஆகியவை ஒரு மேற்கோளுக்கும் அடுத்த மேற்கோளுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் நிகழ்கின்றன. முதல் பகுதிகளில் வெள்ளை ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். போகப்போக அந்தப் பெண்களின் வழிவந்தவர்களே எழுதத் தொடங்குகிறார்கள். யார் எழுதுகிறார் என்பது மாறியதும் அதே சம்பவத்தின் பொருள் தலைகீழாகிறது. சிறுகதை அளவிலும் இல்லாத சில பக்கங்களில் இவ்வளவு சாதித்த கதை அந்தப் பட்டியலில் வேறில்லை. பரிசு இதற்குப் போயிருக்க வேண்டும் என்று வாதிட இடமுண்டு.

எஞ்சிய மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிவர்ஸ் சாலமனின் கதையில் அடிமைச் சிறுமி ஒருத்தி எசமானின் குடும்பத்தைக் கொல்கிறாள்; ஒவ்வொரு கொலைக்கும் ஈடாக இறந்துபோன ஓர் ஆவி அவள் வயிற்றிலிருந்து பிறக்கிறது. ஃபிரான் வைல்டின் ‘எ கேட்டலாக் ஆஃப் ஸ்டார்ம்ஸ்’ புயல்களுக்குப் பெயர் சூட்டி விரட்டும் பெண்கள் தாங்களே காற்றாகவும் மழையாகவும் கரைந்துபோகும் ஊரைப் பற்றியது. தாய்மார்களின் துயரம் அதில் அழுத்தமாக விழுந்திருக்கிறது. அலிக்ஸ் ஈ. ஹாரோவின் கதையில் போருக்குப் போகிறவளுக்குப் பெயர் மனைவி, வீட்டில் காத்திருப்பவளுக்குப் பெயர் கணவன், இருவரும் பெண்கள்.

ஆறில் விண்கலமோ வேற்றுக்கிரகவாசியோ ஒன்றிலும் இல்லை. அறிபுனை என்றால் ராக்கெட் என்று எண்ணி வருபவருக்கு இந்தப் பட்டியல் ஏமாற்றம் தரக்கூடும். பேரரசும் அடிமைமுறையும் போரும் விட்டுச்சென்ற வடுக்களே 2010களின் இறுதியில் இந்தத் துறையின் பெரும்பொருளாக இருந்தன என்பதை இந்த ஆறையும் சேர்த்துப் படித்தால்தான் உணர முடியும்.

வெளியார் எழுதிய கீழைநாடு

தெற்காசியா இந்தப் பட்டியல்களுக்கு நெடுங்காலமாகவே பரிச்சயமான களம். ஆனால் எழுதியவர்கள் வெளியார். 1968-இல் ஹ்யூகோ பெற்ற ரோஜர் ஸெலஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’ நாவலில், வேற்றுக்கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் தொழில்நுட்ப பலத்தால் இந்துக் கடவுளர்களாக வேடமிட்டு ஆள்கிறார்கள். ஒருவன் புத்தனாகி அவர்களை எதிர்க்கிறான். ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறி 2008-இல் கொழும்பில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர். ஹ்யூகோ, நெபுலா இரண்டையும் வென்ற அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் நினைவூட்டும் இடங்களில் நடக்கிறது. பூமியிலிருந்து விண்வெளிவரை எழும் மின்தூக்கிக் கோபுரம்தான் கதைப்பொருள். அதற்கு நிலநடுக்கோடு வேண்டும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்திவைத்தார் கிளார்க். இயன் மெக்டொனால்டின் ‘ரிவர் ஆஃப் காட்ஸ்’ 2047-ஆம் ஆண்டு இந்தியாவைக் காசியை மையமாக்கிச் சொன்னது. 2005-இல் ஹ்யூகோ பட்டியலில் இடம்பெற்றது. இவை அக்கறையோடும் உழைப்போடும் எழுதப்பட்டவைதாம். ஆயினும் இவற்றில் கீழைநாடு ஒரு காட்சிப்பொருள். அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும் சலிப்பும் சள்ளையும் இவற்றில் குறைவு.

நிலைமை மெல்லவே மாறியது. அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமசோம்’ 1997-இல் கிளார்க் விருது பெற்றது. ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியின் வழியைக் கண்டுபிடித்த கதையை, அவருடைய வேலையாட்களின் பக்கத்திலிருந்து திருப்பிச் சொன்ன நாவல் அது. அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2018-இல் மிமி மண்டல் இணைத்தொகுப்பாசிரியராக இருந்த ‘லூமினசென்ட் திரெட்ஸ்’ ஹ்யூகோ பட்டியலுக்கு வந்தது. அவருடைய நெடுங்கதை ஒன்று அடுத்த இரண்டாண்டில் நெபுலா பட்டியலில் இடம்பெற்றது. சர்க்கஸ் கூடாரம், அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞன், அவனோடு ஒரு ஜின், தப்பியோடி வரும் ஒரு தேவதாசிப் பெண் என்று முழுக்க இந்திய மண்ணில் நிற்கும் கதை. இலங்கையின் வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ 2024-இல் நாவலுக்கான நெபுலாவை வென்றது. அதே ஆண்டு ஹ்யூகோ பட்டியலிலும் இருந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம்

கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகருக்கு இந்தப் பட்டியல்களில் நேரடியாகத் தொடர்புள்ள படைப்புகள் இரண்டு. ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியிலிருந்து ஒரு பக்கம் போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட். இன்னும் தள்ளி ஓசூர். அதற்கு அப்பால் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பெங்களூரு. மாங்காய்க்கும் புளிக்கும் பேர்போன மாவட்டம், இரண்டு தலைமுறைக்குள் வாகனமும் கைக்கடிகாரமும் கைப்பேசி உதிரிபாகமும் செய்யும் மாவட்டமாகிவிட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் படிப்பை முடித்ததும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஷிஃப்ட், டார்கெட், காண்ட்ராக்ட் ஆகிய சொற்கள் இங்கே வீட்டுப் பேச்சிலேயே புழங்குகின்றன.

பெங்களூரைச் சேர்ந்த லாவண்யா லக்ஷ்மிநாராயணின் ‘தி டென் பர்சென்ட் தீஃப்’ 2020-இல் ‘அனலாக்/வர்ச்சுவல்’ என்ற பெயரில் இந்தியாவில் வெளியானது. புதிய பெயரில் வெளிநாட்டில் பதிப்பிக்கப்பட்டு 2024-இல் கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. ஒரு காலத்தில் பெங்களூராக இருந்த ஏபெக்ஸ் சிட்டியை பெல் கார்ப் என்னும் நிறுவனம் ஆள்கிறது. குடிமக்கள் அனைவருக்கும் மதிப்பெண். மேலே இருக்கும் 20 சதவீதத்தாருக்குச் சகல வசதியும். நடுவில் 70 சதவீதம். கடைசி 10 சதவீதத்தில் விழுந்தவர் நகரத்தை விட்டு வெளியேற்றப்படுவார். நகரத்தையும் வெளிப்புறத்தையும் மின்வேலி பிரிக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கர்னாடிக் மெரிடியன் என்று பெயர். வெளியே தண்ணீரும் மின்சாரமும் அரிது. 20-70-10 என்ற கணக்கு கற்பனையல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களைத் தரம்பிரிக்கப் பயன்படுத்திய முறை அது. அப்ரைசல் நாளில் வயிற்றில் புளி கரைத்த எவருக்கும் இந்த நாவலின் அச்சம் புதிதல்ல. ஆசிரியர் செய்திருப்பது, அலுவலகத்தின் விதியை ஊரின் விதியாக்கியது மட்டுமே.

நாவல் ஒரே கதையாக ஓடாமல் பல தனிக்கதைகளின் கோவையாக இருக்கிறது. பதவி உயர்வுக்காக நாக்கை அடக்கிப் பழகும் பெண், ஒரு தவறான பதிவால் சரிந்து விழுபவர், வேலிக்கு வெளியிலிருந்து உள்ளே நுழைந்து திருடும் பெண் என்று ஒவ்வொரு இயலிலும் ஆள் மாறுகிறார். சில இயல்கள் பலவீனமானவை. பகடி முற்றிக் கேலிச்சித்திரமாகிவிடுகிறது. ஆனால் எல்லைக் கோடு ஒன்று எப்படி உயிர்வாழ்கிறது என்பதை நாவல் நன்றாகப் பிடித்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே இருப்பவரின் சொகுசு, வெளியே இருப்பவரின் உழைப்பில் நிற்கிறது. பெங்களூருக்குப் பூவும் காய்கறியும் ஆளும் அனுப்பும் ஓசூர்ப் பக்கத்தில் இருந்து வாசிக்கும்போது இந்த நாவல் பெங்களூரில் வாசிக்கப்படுவதைவிட வேறு விதமாகப் பொருள் தரும்.

இரண்டாவது, புதுச்சேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் எஸ். பி. திவ்யாவின் ‘மெஷின்ஹுட்’. 2021-இல் வெளியாகி அந்த ஆண்டின் நெபுலா பட்டியலில் இடம்பெற்றது. காலம் 2095. வேலையெல்லாம் இயந்திரங்களிடம், மனிதர்கள் அவற்றுக்கு ஈடுகொடுக்க மாத்திரை விழுங்கி வேகத்தையும் கவனத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள். நிரந்தர வேலை கிடையாது, சின்னச்சின்ன ஒப்பந்தங்கள்தான். எல்லார் வாழ்க்கையையும் நுண்கேமராக்கள் ஒளிபரப்புகின்றன. பார்ப்பவர்கள் மொய் போடுவதுபோல் சில்லறை போடுகிறார்கள். நாயகி அமெரிக்கப் பாதுகாவலர். அவளுடைய சகோதரனின் மனைவி நித்யா சென்னையில் வீட்டிலிருந்தே ஆய்வு செய்யும் உயிரியலாளர். மாத்திரை உற்பத்தியை நிறுத்தச் சொல்லி ஒரு மர்மக் குழு கெடு விதிக்கும்போது, துப்பாக்கிச் சண்டை ஒரு பக்கமும் நித்யாவின் குடும்பக் கணக்கு மறுபக்கமும் நகர்கின்றன. சண்டைப் பகுதிகள் வழக்கமான விறுவிறுப்பு நாவலின் தரத்தைத் தாண்டவில்லை. சென்னைப் பகுதிகளே நாவலின் உயிர். வேகமாக வேலை செய்ய உடம்பை விலையாகக் கொடுக்கும் தொழிலாளி என்ற கருத்து, இரவு ஷிஃப்டில் நின்றபடி வேலை செய்பவருக்கு விளக்கவுரை இல்லாமல் விளங்கும். போச்சம்பள்ளியில் 2021-இல் எழுந்த ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களால் இயங்கும் என்றும் அதில் ஆயிரக்கணக்கான ரோபோக்கள் இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில் இருக்கும் கேள்விதான் ‘மெஷின்ஹுட்’ நாவலின் கேள்வி.

கூத்து பார்த்த கண்

இந்தக் கதைகளைப் புதிதாக வாசிப்பவருக்கு ஏற்படும் முதல் தடை ஆங்கிலமல்ல, விளக்கம் இல்லாமை. முதல் பக்கத்திலேயே பழக்கமில்லாத ஊர், பழக்கமில்லாத சட்டம், பெயர் தெரியாத கருவி எல்லாம் வந்துவிடும். ஆசிரியர் நின்று விளக்க மாட்டார். இரண்டு மூன்று பக்கங்கள் புரியாமலே நகர வேண்டும். பிறகு துண்டுகள் தாமாக ஒட்டும். சங்கப் பாட்டிலும் இதுவே முறை. புன்னையும் குருகும் நெய்தலைச் சொல்லும் என்று பாட்டுக்குள் யாரும் விளக்குவதில்லை. கேட்பவருக்குத் திணை தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பாட்டு நடக்கிறது. அறிபுனைக்கும் அப்படி ஒரு திணை வழக்கு உண்டு. பத்துப் பதினைந்து கதைகளில் அது பிடிபட்டுவிடும்.

மிகுபுனைவைப் பொறுத்தவரை வட மாவட்டத்து வாசகருக்கு ஒரு முன்கூட்டிய பயிற்சியே இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான பனைமரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே வில்வம் வீசுவார். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் துரியோதனனை நீட்டிப் படுக்கவைத்து, அவன் தொடையிலிருந்து ரத்தம் எடுத்துத் திரௌபதி கூந்தல் முடிவாள். பார்ப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர்க்காரர் என்றும் தெரியும், அவர் அர்ச்சுனன் என்றும் தெரியும். இடையே கட்டியங்காரன் நுழைந்து உள்ளூர் அரசியலைக் கிண்டலடித்தால் கதை கெட்டுப்போவதில்லை. தெய்வமும் ரேஷன் கடையும் ஒரே மேடையில் இருக்கலாம் என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கூட்டம் அது.

சந்திரசேகரவின் நாவல் கேட்பதும் இந்த ஒப்புதலைத்தான். நாயகன் ஃபெட்டர் பிறந்தவுடனே தாய் அவன் நிழலைப் பிய்த்து எறிந்துவிடுகிறாள். அவனுடைய தகப்பன் உலகம் போற்றும் ஒரு மகான். அவரைக் கொல்வதற்காகவே அவள் மகனை வளர்க்கிறாள். வளர்ந்தவன் லூரியாத் என்னும் நகரத்துக்குப் போய், ‘தேர்ந்தெடுக்கப்படாதவர்’களின் கூட்டத்தில் சேர்ந்து, சாதாரணமாக வாழப் பார்க்கிறான். நகரத்தில் மின்னஞ்சலும் உண்டு, திறக்காத மாயக் கதவுகளும் உண்டு. அலுவலகங்களில் இனம், சாதி, குலம் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். அவ்வப்போது கலவரம் வெடிக்கிறது. வேண்டாதவர்கள் முகாம்களுக்குப் போகிறார்கள். புத்தரின் மகன் ராகுலன் கதையை அடியில் வைத்துக்கொண்டு, காவி உடுத்த வன்முறையைப் பற்றி ஒரு சிங்கள எழுத்தாளர் எழுதிய நாவல் இது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையின் 1983 கலவரத்தையும் 2009 இறுதிப்போரையும் அறிந்தவருக்கு அதன் முகாம் பகுதிகள் மாயக்கதையாகத் தோன்றா. அமெரிக்க எழுத்தாளர்கள் இதற்கு ஓட்டுப் போட்டது நாவலின் கற்பனை வளத்துக்காக இருக்கலாம். தமிழில் இது வாசிக்கப்பட வேண்டிய காரணம் வேறு. அண்மை ஆண்டுகளின் பட்டியல்களிலிருந்து ஒரே ஒரு நூலைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது இதுதான்.

பட்டியலின் குறைகள்

பட்டியல்களைக் கண்மூடி நம்புவதற்கில்லை. 2015-இல் இரண்டு குழுக்கள் ஆள்சேர்த்து ஒரே மாதிரி முன்மொழிந்து ஹ்யூகோ பட்டியலின் பெரும்பகுதியைக் கைப்பற்றின. மற்ற உறுப்பினர்கள் பதிலுக்கு 5 பிரிவுகளில் ‘யாருக்கும் இல்லை’ என்று வாக்களித்தார்கள். அதன் விளைவாகத்தான் எண்ணும் முறை 2017 முதல் மாற்றப்பட்டது. 2023-இல் சீனாவின் செங்டுவில் மாநாடு நடந்தபோது ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ உள்ளிட்ட சில படைப்புகள் காரணம் சொல்லப்படாமல் தகுதியற்றவை என்று நீக்கப்பட்டது பிற்பாடு வெளியான வாக்குக் கணக்கில் தெரியவந்தது. 2024-இல் ஒருவரை வெல்லவைப்பதற்காகப் போடப்பட்ட 377 போலி வாக்குகளை நிர்வாகமே கண்டறிந்து செல்லாது என்று அறிவித்தது.

இவையெல்லாம் செய்தியில் அடிபட்டவை. அன்றாடக் குறை வேறு. பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் வாசகர்கள் முன்மொழியும் பட்டியல் இது. அவர்களுடைய அன்றைய கவலைகளே கதைகளின் கவலைகளாகத் தெரியும். ஒரே எழுத்தாளர்கள் திரும்பத்திரும்ப வருவதும் உண்டு. கடின அறிவியலை அடிப்படையாகக் கொண்ட கதைகள் சிறுகதைப் பிரிவில் மெலிந்துவருகின்றன. அந்த வகை வேண்டுபவர் ‘அனலாக்’, ‘அசிமோவ்ஸ்’ ஆகிய அச்சிதழ்களைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.

கதைகள் கிடைக்கும் வழியோ முன்பைவிட எளிது. ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ (2000), ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ (2006), ‘பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ்’ (2008), ‘அன்கேனி’ (2014) ஆகிய இதழ்கள் கதைகளை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. ‘டோர்.காம்’ 2024 முதல் ‘ரியாக்டர்’ என்ற பெயரில் அதையே செய்கிறது. பெங்களூர்ப் புத்தகக் கடைக்கு டிக்கெட் எடுக்காமலே கல்லாவியில் இருப்பவர் கைப்பேசியில் ஒரு முழுப் பட்டியலையும் வாசித்துவிடலாம். வாசிக்க நேரமில்லாதவருக்கு ஒலிவடிவம் உண்டு. 2005-இல் தொடங்கிய ‘எஸ்கேப் பாட்’ வாரம் ஒரு கதையைப் படித்துக் காட்டுகிறது; திவ்யா அதன் இணையாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். கம்பெனி பஸ்ஸில் போகவர ஆகும் நேரத்துக்கு ஒரு சிறுகதை தாராளமாக முடியும்.

தமிழ்க் கதைகளின் இடம்

தமிழில் இவ்வகை எழுத்துக்குப் பஞ்சமில்லை. பாரதியின் ‘ஞானரதம்’, புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ ஆகியவை மிகுபுனைவே. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபடியே அறிபுனையை வார இதழ் வாசகருக்குப் பழக்கினார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ வருங்கால இந்தியாவின் சர்வாதிகாரத்தையும் ஜீனோ என்ற இயந்திர நாயையும் காட்டியது. சுஜாதா வேலை பார்த்த அதே பெங்களூரின் வருங்காலத்தை ஆங்கிலத்தில் எழுதிய லாவண்யா உலகப் பட்டியலுக்குப் போனார். சுஜாதாவுக்குச் சாகித்திய அகாதெமியும் கிடைக்கவில்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’, தமிழ்மகனின் ‘மீன்மலர்’ போன்ற தொகுப்புகளும், ‘விஷ்ணுபுரம்’ (1997) போன்ற பெருநாவலும் அடுத்த கட்டம். ‘அரூ’ இணைய இதழ் 2019-இல் ஜெயமோகனை நடுவராகக் கொண்டு அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. அதன் பிறகு இளம் எழுத்தாளர்களிடம் இந்த வகை மீது ஒரு மதிப்பு வந்திருக்கிறது.

ஆனாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது பெரும்பாலும் சாதியையும் கிராமத்தையும் பேசும் யதார்த்த எழுத்து. பதிப்பாளர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டதும், 2024-இல் சாதி எதிர்ப்பு அறிபுனைத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்ததும் விதிவிலக்குகள்.

சீன மொழி இந்த இடத்தில்தான் வழி கண்டது. லியூ சிஷினின் ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’ சீனத்தில் நூலாக வந்தது 2008-இல். கென் லியூவின் மொழிபெயர்ப்பு 2014-இல் வெளியாகி 2015-இல் ஹ்யூகோ பெற்றது. மறு ஆண்டே ஹாவ் ஜிங்ஃபாங்கின் ‘ஃபோல்டிங் பெய்ஜிங்’ நெடுங்கதைப் பிரிவில் வென்றது. மொழிபெயர்த்தவர் அதே கென் லியூ. அவரே சிறந்த அறிபுனை எழுத்தாளர். ‘தி பேப்பர் மெனாஜரி’ சிறுகதைக்காக ஹ்யூகோ, நெபுலா, உலக மிகுபுனைவு விருது மூன்றையும் பெற்றவர். ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழும் சீனக் கதைகளைத் தொடர்ந்து மொழிபெயர்த்து வெளியிட்டது. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரும் இடம் ஒதுக்கிய ஓர் இதழும் சேர்ந்ததில் அந்த வாசல் திறந்தது. தமிழில் நாவலைப் பெயர்க்கத் தேர்ந்த கைகள் இருக்கின்றன. அறிபுனைச் சிறுகதையைப் பெயர்த்து இணைய இதழ்களுக்கு அனுப்பும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ஹ்யூகோ விதிப்படி, வேறு மொழியில் வெளியான படைப்பு ஆங்கிலத்தில் முதன்முதலாக மொழிபெயர்க்கப்பட்டு வெளியாகும் ஆண்டிலும் போட்டிக்குத் தகுதி பெறும். மூலம் எத்தனை ஆண்டு பழையது என்பது பார்க்கப்படுவதில்லை. சுமார் 50 டாலர் கட்டி உறுப்பினராகும் எவரும், கல்லாவியில் இருந்தாலும் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், அதை முன்மொழியலாம்.